பதிவேட்டின் முதல் பெயர்

பாளையங்கோட்டைச் சபையின் பதிவேடு 1780-இல் தொடங்குகிறது. முதல் பட்டியலில் 40 பெயர்கள். அந்த நாற்பது பேரும் 13 சாதிகளைச் சேர்ந்தவர்கள். தொட்டால் தீட்டு, எதிரே வந்தால் தீட்டு என்று ஊருக்கு ஊர் கணக்கு வைத்திருந்த காலம் அது. அப்படிப்பட்ட காலத்தில் பிராமணரும் பறையரும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதப்பட்டார்கள். பட்டியலின் தலையில் ஓர் ஆணின் பெயர் இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இருப்பதோ குளோரிந்தா என்ற கைம்பெண்ணின் பெயர்.

தென்னிந்தியத் திருச்சபையின் திருநெல்வேலித் திருமண்டிலமும், 2003-இல் அதிலிருந்து பிரிந்த தூத்துக்குடி - நாசரேத் திருமண்டிலமும் தங்கள் தொடக்கத்தை அந்த 1780-இல்தான் வைக்கின்றன. அதற்கு முன் அந்தச் சீமையில் கிறிஸ்தவம் இல்லை என்று பொருளல்ல. 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்ததிலிருந்தே கடற்கரை ஊர்களில் கத்தோலிக்கச் சபை வேர்விட்டிருந்தது. ஆனால் பின்னாளில் பனங்காட்டு ஊர்கள்தோறும் பள்ளிக்கூடமும் கோயிலுமாகப் பரவிய சீர்திருத்தச் சபையின் முதல் ஆள் இந்தப் பெண். அவரைப் பற்றிய எழுத்துச் சான்றுகள் சிலவே. அவையே அவரை வரலாற்றின் முன்வரிசையில் நிறுத்தப் போதுமானவை.

தஞ்சையில் மராத்திய அரசர்கள் ஆண்ட காலம். துளஜா மன்னர் அரியணையில் இருந்தார். அரண்மனையைச் சார்ந்து மராத்திய பிராமணக் குடும்பங்கள் பல தஞ்சையில் வாழ்ந்தன. அப்படி ஒரு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, இளம் வயதிலேயே கணவனை இழந்தவர் அவர். இயற்பெயர் கோகிலா என்பது மரபு. அந்தக் குலத்துக் கைம்பெண்ணுக்கு அன்று காத்திருந்தது என்னவென்று விவரிக்க வேண்டியதில்லை. மழித்த தலை, வெள்ளைச் சேலை, ஒருவேளைச் சோறு, வீட்டின் பின்கட்டு. நல்ல காரியம் நடக்கும் இடத்தில் அவள் முகம் தெரியக்கூடாது. சிலருக்கு அதுவும் இல்லை. கணவனின் சிதையே முடிவு. 1710-இல் இராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதி இறந்தபோது அவருடைய 47 மனைவியர் உடன்கட்டை ஏறியதாக அக்கால இயேசு சபைக் குரு ஒருவரின் கடிதம் கூறுகிறது. சதியைத் தடைசெய்யும் சட்டம் வங்காளத்தில் 1829-இலும் சென்னை மாகாணத்தில் 1830-இலும்தான் வந்தது. கோகிலாவின் இளமை அதற்கு அரை நூற்றாண்டுக்கும் முந்தியது.

திருநெல்வேலிக் கிறிஸ்தவ வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை இது: கணவனின் சிதையில் ஏறவிருந்த அந்தப் பெண்ணை லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி காப்பாற்றித் தன்னுடன் அழைத்துப் போனார். கதையின் தொடக்கம் மரபு வழி வந்தது. அதன் பிற்பகுதிக்குச் சான்று அக்கால மிஷனெரி எழுத்திலேயே இருக்கிறது. ஒரு பிராமணக் கைம்பெண் ஆங்கிலேய அதிகாரி ஒருவருடன் வாழ்ந்தார். அவர் அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலமும் கிறிஸ்தவ மார்க்கத்தின் அடிப்படைகளும் கற்றுக்கொடுத்தார். மணம் செய்துகொள்வதாகச் சொன்னார், செய்துகொள்ளவில்லை. இதுதான் ஆவணம் தரும் செய்தி.

அந்த நிலையில் அவர் ஞானஸ்நானம் கேட்டுப் போனது கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸிடம். தமிழ்நாட்டின் சீர்திருத்தச் சபை வரலாற்றில் சுவார்ட்ஸ் ஐயரைவிட மதிப்புப் பெற்ற ஐரோப்பியர் இல்லை. பிரஷ்யாவில் பிறந்து 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்தவர். திருச்சியிலும் தஞ்சையிலும் உழைத்தவர். 1779-இல் ஹைதர் அலியிடம் ஆங்கிலேயர் அனுப்பிய தூதராகச் சென்றவர். பின்னாளில் தஞ்சை மன்னர் சரபோஜிக்குக் காப்பாளராக இருந்தவர். அந்தச் சுவார்ட்ஸ் இந்தப் பெண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். மணமாகாமல் ஓர் ஆணுடன் வாழ்பவருக்குத் தர இயலாது என்றார்.

இந்த மறுப்பில் சற்று நிற்க வேண்டும். ஊரின் கண்ணில் அவள் குலம் கெட்டவள். அரண்மனைத் தெருவுக்குத் திரும்ப வழியில்லை. மணம் செய்வதாகச் சொன்னவர் சொல்லைக் காக்கவில்லை. கடைசியாகக் கதவைத் தட்டிய இடத்திலும் இப்போது இல்லை என்ற பதில். சுவார்ட்ஸ் கல்நெஞ்சர் அல்லர். அவருடைய நாட்குறிப்புகளை வாசிப்போர் ஏழைகளிடமும் சிப்பாய்களிடமும் அவர் காட்டிய பரிவை அறிவார்கள். சபை ஒழுங்கு என்று ஒன்று இருந்தது, அதைக் காத்தார். ஆனால் அந்த ஒழுங்கின் முழுப் பாரமும் விழுந்தது யார் மேல்? மணம் செய்துகொள்ளாத ஆண் பிறப்பாலேயே கிறிஸ்தவர், தன் சபைக்குள் இருந்தார். மணம் செய்துகொள்ளும்படி அவரைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் எதுவும் அந்தப் பெண்ணிடம் இல்லை. வாசலில் நின்றவர் அவர் மட்டுமே.

அவர் போய்விடவில்லை. கதையின் உயிரே இதுதான். சபை தன்னைச் சேர்த்துக்கொள்ளாத அந்த ஆண்டுகளில் அவர் தாம் கேட்ட நற்செய்தியைக் கைவிடவில்லை. படை அதிகாரியோடு பாளையங்கோட்டைக்கு வந்தார். ஆர்க்காட்டு நவாபின் பெயரால் ஆங்கிலேயப் படை காவல் இருந்த கோட்டை ஊர் அது. அங்கே ஏற்கெனவே ஒரு பொறி இருந்தது. 1771-இல் சுவார்ட்ஸ் எழுதிய குறிப்பில் சவரிமுத்து என்றொருவர் வருகிறார். திருச்சிச் சபையில் இருந்து வந்து பாளையங்கோட்டையில் வாழ்ந்த அவர், அக்கம்பக்கத்தாருக்கு வேதத்தை வாசித்துக் காட்டிவந்தார். அந்த வாசிப்பைக் கேட்கச் சிலர் கூடினார்கள். மேய்ப்பர் இல்லை, ஆலயம் இல்லை.

அதிகாரி இறந்தார். அந்தப் பெண் இரண்டாம் முறை ஞானஸ்நானம் கேட்டார். 1778-இல் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபோது அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் குளோரிந்தா என்று பெயரிட்டார். கணவனோடு எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டியவள் என்று ஒரு சமூகமும், ஒழுக்கம் தவறியவள் என்று மற்றொரு சமூகமும் தீர்ப்பெழுதிய பெண், தேவன் தம்மை மீட்டார் என்று நம்பினார். மீட்கப்பட்டவராகவே அதன்பின் நடந்தார். அவர் எழுதிய சாட்சிப் புத்தகம் எதுவும் கைக்கு வரவில்லை. செய்த வேலைகள் கண்முன் நிற்கின்றன.

முதல் வேலை ஆலயம். குளோரிந்தா முன்னின்று கட்டினார். அங்கிருந்த ஆங்கிலேயர் சிலரும் கட்டுமானப் பொருட்கள் தந்து உதவினார்கள். 1785-இல் சுவார்ட்ஸ் மறுபடி வந்து அதைப் பிரதிஷ்டை செய்தார். திருநெல்வேலிச் சீமையின் முதல் சீர்திருத்தச் சபை ஆலயம் அதுதான். கட்டியவரை வைத்து மக்கள் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றார்கள், இன்றும் அப்படியே சொல்கிறார்கள். அவர் வெட்டியதாகச் சொல்லப்படும் கிணறு ஒன்றும் பாப்பாத்தியம்மாள் கிணறு என்றே ஊரில் பேசப்பட்டது. ஒரு பிராமணப் பெண் வெட்டிய கிணற்றில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் எடுக்கலாம் என்பது, தண்ணீர்த்துறைக்கும் சாதி பார்த்த அந்தக் காலத்தில் சாதாரணச் செய்தியல்ல.

இரண்டாவது வேலை இன்னும் கடினமானது. ஆலயம் கட்டினால் போதாது, சபையை நடத்த ஆள் வேண்டும். சுவார்ட்ஸோ தஞ்சையில் இருந்தார். ஆண்டுக்கொரு முறைகூட வர இயலவில்லை. எனவே குளோரிந்தாவே தஞ்சைக்குப் புறப்பட்டார். ரயில் வருவதற்கு முக்கால் நூற்றாண்டு இருக்கிறது. பாளையக்காரர்களும் கள்ளர் பயமும் நிறைந்த வழி. எந்த ஊரில் குலம் கெட்டவள் என்று பெயர் வாங்கினாரோ அந்த ஊருக்கே, ஒரு சபையின் பிரதிநிதியாகப் போய், எங்களுக்கு ஓர் உபதேசியார் வேண்டும் என்று கேட்டார்.

கேட்டது கிடைத்தது. சுவார்ட்ஸ் முதலில் வயது முதிர்ந்த உபதேசியார் ஒருவரை அனுப்பினார். பிறகு தம்மிடம் இருந்தவர்களில் மிகத் திறமையான சத்தியநாதனை அனுப்பினார். சத்தியநாதன் 1790 டிசம்பரில் தஞ்சையில் குருப்பட்டம் பெற்றார். அன்று அவர் தமிழில் செய்த பிரசங்கத்தின் ஆங்கில வடிவம் லண்டனில் அச்சாகும் அளவுக்கு மதிக்கப்பட்டது. மறு ஆண்டு யேனிக்கே என்ற ஜெர்மானியர் வந்தார். 1799-இல் டேவிட் சுந்தரானந்தம் முதலூர் என்ற கிறிஸ்தவக் குடியேற்றத்தை அமைத்தார். 1820-இல் மிஷனெரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். அதற்குப் பிந்திய வரலாறு வேகமானது, பலர் எழுதியது. அதன் முதல் கண்ணியாக இருந்தது ஒரு பெண்ணின் தஞ்சைப் பயணம்.

1780-ஆம் ஆண்டுப் பட்டியலில் தேவசகாயம் என்ற புலவரின் குடும்பமும் உண்டு. அவருடைய மகன் வேதநாயகம் அப்போது சிறுவன், 1774-இல் பிறந்தவன். 1785-இல் பாளையங்கோட்டைக்கு வந்த சுவார்ட்ஸ் அந்தப் பையனின் அறிவைக் கண்டு தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். அவரே பின்னாளில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர். சரபோஜி மன்னரோடு ஒன்றாகக் கல்வி கற்றவர். தமிழ்க் கிறிஸ்தவர் வீட்டுத் திருமணத்திலும் துக்கத்திலும் அவர் பாட்டு இல்லாமல் இருக்காது. குளோரிந்தா திரட்டிய சிறு கூட்டத்தில் வளர்ந்த பிள்ளை அவர் என்பதைப் பாடுகிறவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

சாதியைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். பிற்காலத்தில் தமிழ்ச் சபைகளுக்குள் சாதி எத்தனை பிளவுகளைக் கொண்டுவந்தது என்பது மறைக்க முடியாத வரலாறு. தனித்தனி இருக்கை, தனித்தனிக் கல்லறை, திருவிருந்துப் பாத்திரத்தில் யார் முதலில் என்ற சண்டை, இவையெல்லாம் நடந்தவை. அந்த வேதநாயக சாஸ்திரியாரே பின்னாளில் சாதி வழக்கத்தைக் காக்க வாதாடியவர்களில் ஒருவர். அதனால்தான் 1780-இன் 40 பெயர்களும் 13 சாதிகளும் முக்கியமாகின்றன. தொடக்கம் அப்படி இல்லை. தொடக்கத்தில் ஒரு பிராமணக் கைம்பெண், தம் குலத்தார் நிழலையும் ஒதுக்கிய மக்களோடு ஒரே கூரையின்கீழ் ஆராதனைக்கு அமர்ந்தார். திருநெல்வேலிச் சீமையின் அசனப் பந்தியில் ஊரே வரிசையாக உட்கார்ந்து சோறு உண்ணும் வழக்கத்தைப் பெருமையாகச் சொல்லும் சபைகள், அந்தப் பெருமைக்குரிய முதல் பந்தியை எண்ணிப் பார்க்க வேண்டும்.

குளோரிந்தாவைச் சபைக்கு வெளியே உள்ள வாசகர்களிடம் கொண்டுபோனவர் ஒரு பிராமண எழுத்தாளர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையா 1915-இல் 'கிளாரிந்தா' என்ற வரலாற்று நாவலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். நெல்லைச் சீமையின் பெருங்குளத்தில் பிறந்தவர் அவர். பெண்கல்வி, விதவைமணம் ஆகியவற்றுக்காக வாழ்நாள் முழுதும் எழுதியவர். கிறிஸ்தவராக மாறாத ஒருவர், தம் குலத்தில் பிறந்து சபை கட்டிய பெண்ணை இரக்கத்தோடும் மரியாதையோடும் எழுதினார் என்பது நன்றியோடு குறிக்க வேண்டிய செய்தி. நாவல் நாவல்தான். அதில் வரும் உரையாடல்களையும் காட்சிகளையும் சிலர் வரலாறாகவே திருப்பிச் சொல்கிறார்கள். அது தேவையில்லை. ஆவணங்களில் உள்ளதே போதுமான அளவு பெரியது.

குளோரிந்தா 1806 வாக்கில் மறைந்தார். பாளையங்கோட்டையில் பெண்களின் ஊழியம் அவரோடு முடியவில்லை. ரேனியஸ் காலத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வந்தது. 1830-களில், ஊழியர்கள் இறந்தால் அவர்களுடைய மனைவியரைத் தாங்குவதற்கு விதவைகள் நிதி வந்தது. கைம்பெண்ணைப் பின்கட்டில் அடைத்த ஊரில் கைம்பெண்ணுக்கென்று பணம் சேர்த்து வைத்த ஏற்பாடு அது. இடையன்குடியில் கால்டுவெல் ஐயரின் மனைவி எலைசா, நாகர்கோவிலில் தம் தாய் மார்த்தா மால்ட் தொடங்கிய வழியில், பெண்களுக்கு எழுத்தோடு லேஸ் பின்னலும் கற்பித்தார். ஊசியும் நூலும் கையில் ஒரு வருமானத்தைத் தந்தன. 1858-இல் சாராள் தக்கர் பெயரால் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளி ஒன்று தொடங்கிப் பின்பு பாளையங்கோட்டைக்கு வந்தது. 1895-இல் கல்லூரியாக உயர்ந்தது. சாராள் தக்கர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. உடல் நலிந்து இங்கிலாந்தில் வீட்டோடு இருந்த பெண் அவர். சென்னையில் ஊழியராக இருந்த அண்ணன் அனுப்பிய செய்திகளைக் கொண்டு தென்னிந்தியாவைப் பற்றி எழுதினார். அவர் இறந்தபின் தோழியர் சேர்த்த பணத்தில் எழுந்தது அந்தப் பள்ளி. 1890-களுக்குள் கண் தெரியாத பிள்ளைகளுக்கு ஆஸ்க்வித் அம்மையாரும், காது கேளாத பிள்ளைகளுக்குப் புளோரன்ஸ் சுவைன்சன் அம்மையாரும் பாளையங்கோட்டையில் பள்ளி அமைத்தார்கள். இந்தப் பெயர்கள் கல்வெட்டில் இருக்கின்றன, எளிதில் மறக்கப்படா.

எளிதில் மறக்கப்பட்டவர்கள் இன்னொரு கூட்டம். வேதாகம ஸ்திரீகள் என்றும் பைபிள் அம்மா என்றும் ஊரில் அழைக்கப்பட்டவர்கள். பெரும்பாலும் கைம்பெண்கள். சிறு சம்பளம், கையில் ஒரு பை, அதில் வேதப் புத்தகமும் பாட்டுப் புத்தகமும். ஆண் ஊழியர் நுழைய முடியாத உள்கட்டுகளுக்குள் அவர்கள் நுழைந்தார்கள். ஒரு வீட்டில் எழுத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஜெபம் செய்து மிஷன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார்கள். ஒரு வீட்டில் திண்ணையோடு திருப்பி அனுப்பப்படுவார்கள். கிறிஸ்தவத் தாய்மார் தினம் உலை வைக்கும்முன் ஒதுக்கிய கைப்பிடி அரிசி கோயிலுக்கு வந்து இப்படிப்பட்ட ஊழியங்களைத் தாங்கியது. சபையின் அறிக்கைகளில் இவர்கள் எண்ணிக்கையாக வருவார்கள், பெயராக வருவது அபூர்வம்.

பெயரோடு நினைக்கப்படும் சிலரில் பொன்னம்மாள் ஒருவர். இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். கிறிஸ்தவக் குடும்பம்தான், ஆனாலும் கைம்பெண் ஒதுங்கியே இருக்க வேண்டும் என்ற வழக்கம் அங்கும் இருந்தது. 1895-இல் இந்தியா வந்து அடுத்த ஆண்டுகளில் திருநெல்வேலிச் சீமைக்கு வந்த அயர்லாந்துப் பெண் ஏமி கார்மைக்கேல், ஊர் ஊராகப் போய் ஊழியம் செய்யப் பெண்களைச் சேர்த்தபோது பொன்னம்மாள் அதில் சேர்ந்தார். அவர் தம் நகைகளைக் கழற்றி வைத்தது ஊரில் பெரிய பேச்சானது. பெண்ணின் மதிப்பை நகையில் அளந்த சமூகம் அதைப் பொறுக்கவில்லை. பொன்னம்மாள் திரும்ப அணியவும் இல்லை.

1901 மார்ச்சில் அந்தப் பெண்களின் வேலை திசை திரும்பியது. பெருங்குளத்தில் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடிவந்தாள். முன்பு ஒருமுறை தூத்துக்குடியில் இருந்த தாயிடம் ஓடியிருக்கிறாள்; தெய்வக் குற்றத்துக்கு அஞ்சிய தாய் திருப்பிக் கொடுத்துவிட்டாள்; ஓடியதற்குத் தண்டனையாகக் கையில் சூடு வைத்தார்கள். இம்முறை பண்ணைவிளையில் ஒரு கிறிஸ்தவப் பெண் கண்டு ஏமியிடம் கொண்டுவந்தாள். அந்தச் சிறுமி தந்த செய்திகளைக் கேட்டபின் ஏமியால் வேறு வேலை செய்ய முடியவில்லை. களக்காட்டுக்கு அருகே டோனாவூரில் குழந்தைகளுக்கான வீடு உருவானது. சில ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். 1918 முதல் ஆண்பிள்ளைகளும் சேர்க்கப்பட்டார்கள்.

கைக்குழந்தைகள் வந்தபோதுதான் உண்மையான சோதனை. தாய்ப்பால் இல்லாத சிசுக்கள் நோயில் இறந்தன. மருத்துவர் அருகில் வேண்டும் என்பதற்காக நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு சிசு இல்லம் வைத்தார்கள். அதைப் பொறுப்பேற்று நடத்தியவர் பொன்னம்மாள். இரவு பகலாகப் பால் காய்ச்சிக் கொடுத்து, பேதி கண்ட குழந்தைகளைத் துடைத்தெடுத்து, இறந்த குழந்தைகளை அடக்கம் செய்யக் கொடுத்துவிட்டு மறுபடி தொட்டில் அருகே உட்கார்ந்தார். புற்றுநோய் அவரை 1915-இல் கொண்டுபோனது. ஏமி அவருடைய வாழ்க்கையை ஒரு நூலாகவே எழுதினார். ஏமி 1931-இல் விழுந்து காயம்பட்டு, அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் படுக்கையறையிலிருந்தே டோனாவூரை வழிநடத்தி, 1951 ஜனவரி 18-இல் மறைந்தார். கல்லறைக் கல் வேண்டாம் என்றதால் பிள்ளைகள் அங்கே பறவைகள் நீர் குடிக்கும் கல்தொட்டி வைத்து, அதில் அம்மாய் என்று மட்டும் பொறித்தார்கள்.

டோனாவூர் தொடங்கியபோது ஏமியை எதிர்த்தவர்களில் மிஷனெரிகளும் இருந்தார்கள். அவர் மிகைப்படுத்துகிறார், ஊழியம் என்பது பிரசங்கம்தான், தொட்டில் ஆட்டுவதல்ல என்று பேசினார்கள். சிறுமியரைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டு வழக்கத்துக்குச் சென்னை மாகாணத்தில் முழுத் தடை 1947-இல்தான் வந்தது. அதற்காகப் பல்லாண்டு போராடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. சட்டம் வரும்வரை ஒரு குழந்தை காத்திருக்க முடியாது என்பதே டோனாவூர்ப் பெண்களின் நியாயம்.

குளோரிந்தாவுக்கும் பொன்னம்மாளுக்கும் இடையே நூறாண்டுக்கும் மேல். இருவரையும் இணைப்பது கைம்மை மட்டுமல்ல. ஊழியம் செய்து தேவனுடைய அன்பைச் சம்பாதிக்கலாம் என்று இருவருமே கணக்குப் போடவில்லை. பெற்றுக்கொண்டது முதலில் வந்தது. கொடுத்தது அதன் பின்னே வந்தது. இந்த வரிசை மாறும்போது ஊழியம் கசந்துபோகும். தம்மைத் தேய்த்துக்கொண்டே போய், யாரும் என்னை மதிக்கவில்லையே என்று முடியும். சபைகளில் இன்று சமையல் முதல் ஞாயிறு பள்ளி வரை சுமக்கிற பெண்கள் பலரிடம் அந்தக் களைப்பு தெரிகிறது. உன்னை நேசிக்கிறேன் என்ற சொல் தனக்கும் உரியது என்று நம்பாமல், அடுத்தவருக்கு மட்டும் அதை எடுத்துப் போகிற களைப்பு. குளோரிந்தா தம்மை அந்தச் சொல்லுக்கு வெளியே வைத்துக்கொள்ளவில்லை. மனிதர் மறுத்தும் தேவன் மறுக்கவில்லை என்று பிடித்துக்கொண்டார். ஆலயமும் கிணறும் தஞ்சைப் பயணமும் அந்தப் பிடியிலிருந்து பிறந்தவை.

வரலாற்று நூல்கள் ரேனியஸைத் திருநெல்வேலியின் அப்போஸ்தலர் என்கின்றன. அவருடைய உழைப்புக்கு அந்தப் பட்டம் தகும். ஆனால் சபையை நிறுவியவர் யார் என்று கேட்டால் பதில் அவரல்ல, சுவார்ட்ஸும் அல்ல. சுவார்ட்ஸ் ஞானஸ்நானம் கொடுத்தார், பிரதிஷ்டை செய்தார், ஆள் அனுப்பினார். கூட்டத்தைக் கூட்டி, ஆலயத்தை எழுப்பி, மேய்ப்பரைத் தேடிப் போய்க் கொண்டுவந்தவர் குளோரிந்தா. வேறொரு நாட்டில் ஓர் ஆண் இதைச் செய்திருந்தால் நிறுவனர் என்று எழுதுவதற்கு யாரும் தயங்கியிருக்க மாட்டார்கள். தென்னிந்தியத் திருச்சபையில் ஒரு பெண் முதன்முதலாகக் குருப்பட்டம் பெற்றது 1976-இல், குளோரிந்தாவின் ஞானஸ்நானத்துக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து.

பாளையங்கோட்டைக்குப் போகிறவர்கள் பேராலயத்தின் ஊசிக்கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், சிறியதாக நிற்கும் பாப்பாத்தியம்மாள் கோயிலுக்கும் ஒருமுறை போய்வர வேண்டும். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு அவருடைய கதையைச் சொல்பவர்கள் சிதையிலிருந்து காப்பாற்றப்பட்டதோடு நிறுத்திவிடாதீர்கள். ஞானஸ்நானம் மறுக்கப்பட்டதையும், அவர் காத்திருந்ததையும், மறுபடி கேட்டதையும் சேர்த்தே சொல்லுங்கள்.